அக்ரி போடலாமா சார்? மண், மரம், தண்ணீர் சார்ந்த வேலைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒட்டன்சத்திரம் பக்கம் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். தோட்டக்கலை படித்துவிட்டு, ஒரு விதைக் கம்பெனியில் ஆறு வருடம் களப்பணி பார்த்தவன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் தக்காளி நாற்றுக்கு வருகிறவர்களைவிட, "பையனுக்கு அக்ரி போடலாமா சார்?" என்று கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். எழுதி வைத்துவிட்டால் இதைப் படிக்கச் சொல்லிவிட்டு நான் நாற்று விடும் குழித்தட்டைப் பார்க்கப் போகலாம்.

அக்ரி படித்தால் வேலை உறுதியா?

உறுதி இல்லை. ஆனால் இப்படிக் கேட்கிறவர்களில் பாதிப் பேர் மனதில் இருப்பது "அரசு வேலை உறுதியா?" என்பதுதான். அதற்கும் இல்லை என்பதே பதில். என்னோடு படித்தவர்களில் எல்லோரும் டிஎன்பிஎஸ்சி எழுதினோம். சிலர் போனார்கள். மற்றவர்கள் விதை, உரம், பூச்சிமருந்து, சொட்டுநீர்க் கம்பெனிகள், வங்கி, நாற்றுப்பண்ணை என்று பிரிந்தோம். யாரும் சும்மா இல்லை. ஆனால் படித்து முடித்ததும் யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவும் இல்லை.

கம்பெனி வேலை என்றால் என்ன என்று வீட்டில் சொல்லிவிடுவது நல்லது. காலை ஆறரைக்கு ஒரு தோட்டத்தில் மிளகாய்ச் செடியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பதினொரு மணிக்கு டீலர் கடையில் போன மாதம் இறக்கிய சரக்கு ஏன் விற்கவில்லை என்று பேச்சு. சாயங்காலம் ஊர்ப் பொதுவிடத்தில் முப்பது விவசாயிகளைக் கூட்டி, டீயும் போண்டாவும் கொடுத்து, புது ரகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நடுவில் பைக், வெயில், மாத டார்கெட். எனக்கு ஒரு வருடம் விதை முளைப்பு சரியில்லாமல் போய், ஒரு ஊரில் பத்து விவசாயிகள் என் வண்டிச் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். கம்பெனி ஆள் போனை எடுக்கவில்லை. மாற்று விதை வந்து சேர்கிற வரை மூன்று நாள் பஸ்ஸில்தான் போய் வந்தேன். அந்தப் பத்துப் பேரில் நாலு பேர் இப்போது என்னிடம்தான் நாற்று வாங்குகிறார்கள். அது வேறு கதை.

சேர்வதற்கு நீட் வேண்டுமா? எங்கெல்லாம் படிக்கலாம்?

வேளாண்மை, தோட்டக்கலை, வனவியல், பட்டு வளர்ப்பு எதற்கும் நீட் வேண்டாம். பிளஸ் டூ மதிப்பெண்தான். எல்லாம் நான்கு வருடப் படிப்பு. கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம்தான் தாய்வீடு. 1971-இல் பல்கலைக்கழகம் ஆனாலும், அதன் வேர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை சைதாப்பேட்டையில் இருந்த விவசாயப் பள்ளியில் இருக்கிறது. தோட்டக்கலைக்குப் பெரியகுளம், வனவியலுக்கும் பட்டு வளர்ப்புக்கும் மேட்டுப்பாளையம், வேளாண் பொறியியலுக்குக் கோவையும் திருச்சி பக்கம் குமுளூரும். மீன்வளத்துக்குத் தனிப் பல்கலைக்கழகம் நாகப்பட்டினத்தில். அதன் தூத்துக்குடிக் கல்லூரி 1977-இலிருந்தே நடக்கிறது. கால்நடை மருத்துவம் ஐந்தரை வருடம். அதிலும் மாநில ஒதுக்கீட்டுக்கு மதிப்பெண்தான், அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்கு மட்டும் நீட்.

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேளாண்மை, மீன்வளம், கால்நடைப் படிப்புகளில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. மருத்துவத்துக்கு மட்டும்தான் என்று நினைத்து விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். தமிழ் வழியிலும் வேளாண்மை, தோட்டக்கலைப் பட்டப்படிப்பு இப்போது இருக்கிறது. ஆங்கிலம் பயமாக இருக்கிறது என்பதற்காக யாரும் பின்வாங்க வேண்டாம்.

தனியார் கல்லூரியில் கிடைத்தால் சேரலாமா?

இரண்டே விஷயம் பாருங்கள். ஒன்று, கல்லூரி வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இருக்கிறதா, அல்லது இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் பெற்றதா. இது இல்லாத பட்டத்தை வைத்துக்கொண்டு அரசுத் தேர்வு எழுதப் போகும்போதுதான் வயிற்றைக் கலக்கும்.

இரண்டாவது, "வயலைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கட்டடம், ஹாஸ்டல், பஸ் எல்லாம் அவர்களே காட்டுவார்கள். வயலை நீங்கள்தான் கேட்க வேண்டும். தெரிந்தவர் மகளோடு ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். பண்ணை எங்கே என்றதும் பின்பக்கம் கூட்டிப்போனார்கள். கருவேல மரங்களுக்கு நடுவே நாலு பாத்தி கத்தரி, பக்கத்தில் ஓடாத போர்வெல். திரும்பி வந்துவிட்டோம். மாணவர் ஆளுக்கொரு பாத்தியில் தாமே விதைத்து, களையெடுத்து, அறுத்து, கணக்கு எழுதாத கல்லூரியில் அக்ரி படிப்பதும் தபாலில் நீச்சல் படிப்பதும் ஒன்றுதான்.

அரசு வேலைகள் என்னென்ன?

வேளாண் அலுவலர், தோட்டக்கலை அலுவலர் பதவிகளுக்குப் பட்டம் வேண்டும். உதவி வேளாண் அலுவலர், உதவித் தோட்டக்கலை அலுவலருக்கு இரண்டு வருட டிப்ளமோ போதும். எல்லாம் டிஎன்பிஎஸ்சி. அறிவிப்பு எப்போது வரும் என்பது மட்டும் மழை மாதிரி.

பலர் மறந்துவிடுவது வங்கியை. பொதுத்துறை வங்கிகளுக்கு ஐபிபிஎஸ் நடத்தும் சிறப்பு அதிகாரி தேர்வில் விவசாயக் கள அலுவலர் என்று ஒரு பிரிவு இருக்கிறது. வேளாண்மை, தோட்டக்கலை, வனவியல், மீன்வளம், கால்நடை என்று நான்கு வருடப் பட்டம் வைத்திருப்பவர்கள் மட்டும் எழுதலாம். பொறியியல் பட்டதாரிகளின் லட்சக்கணக்கான கூட்டம் இங்கே இல்லை. நபார்டு வங்கியின் உதவி மேலாளர் தேர்விலும் வேளாண் பாடத்துக்கு நல்ல இடம் உண்டு. இரண்டு வருடம் கோச்சிங் சென்டரிலேயே உட்கார்ந்திருப்பதைவிட, வேலை பார்த்துக்கொண்டே எழுதுகிறவர்கள் நேர்காணலில் நன்றாகப் பேசுகிறார்கள். இது என் கண்ணால் பார்த்தது.

வனத்துறையில் சேர என்ன வழி?

நாலு படிகளில் நுழையலாம். வனக் காவலர், வனக் காப்பாளர் பதவிகள் 2024 முதல் குரூப் 4 தேர்வோடு சேர்ந்து வருகின்றன. காவலருக்குப் பத்தாம் வகுப்பு, காப்பாளருக்கு அறிவியல் பாடத்தோடு பிளஸ் டூ. அடுத்து வனத் தொழில் பழகுநர், நாளைக்கு ரேஞ்சர் ஆகும் படி, குரூப் 6. உதவி வனப் பாதுகாவலர் குரூப் 1ஏ. உச்சியில் யுபிஎஸ்சி நடத்தும் ஐஎஃப்எஸ், அதாவது இந்திய வனப் பணி. அதன் முதல்நிலைத் தேர்வு ஐஏஎஸ் தேர்வோடு ஒன்றாகவே நடக்கும். பயிற்சி டேராடூனில்.

உடல்தகுதியை லேசாக நினைக்காதீர்கள். ஐஎஃப்எஸ்ஸுக்கு ஆண்கள் 4 மணி நேரத்தில் 25 கிலோமீட்டர், பெண்கள் 14 கிலோமீட்டர் நடந்து காட்ட வேண்டும். புத்தகத்தில் புலியாக இருந்து, 18-ஆவது கிலோமீட்டரில் கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் கதை முடிந்தது.

இன்னொன்று. காட்டில் வேலை என்றதும் மான், மயில் என்று கனவு வருகிறது. களக்காடு முண்டந்துறை, ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை என ஐந்து புலிகள் காப்பகங்கள் இங்கே உண்டு. அங்கே பணியில் இருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். பாதி நேரம் வாழைத் தோப்பில் இறங்கிய யானையை விரட்டுவதிலும், நஷ்டஈடு கேட்டு நிற்கும் விவசாயியிடம் பதில் சொல்வதிலும், கோடையில் தீத்தடுப்புக் கோடு வெட்டுவதிலும் போகிறது. மனிதர்களோடு பேசத் தெரியாதவருக்குக் காட்டிலும் நிம்மதி கிடையாது.

காட்டுயிர் ஆராய்ச்சி படிக்க மகள் ஆசைப்படுகிறாள். சோறு போடுமா?

போடும், நேரமாகும். மயிலாடுதுறை மன்னம்பந்தலில் உள்ள ஏ.வி.சி. கல்லூரியில் காட்டுயிர் உயிரியல் முதுகலை இருக்கிறது. அங்கே படித்தவர்களை இந்தியக் காடுகள் எங்கும் பார்க்கலாம். டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம், பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையம் (என்சிபிஎஸ்) இரண்டும் நுழைவுத் தேர்வு வைத்துக் கொஞ்சம் பேரையே எடுக்கும். கோவை ஆனைகட்டியில் சலீம் அலி பறவையியல் மையம் உண்டு. முதல் சில வருடங்கள் திட்ட உதவியாளர் வேலைதான். ஒரு திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். அந்த இடைவெளியை வீடு தாங்குமா என்பதை மகளிடம் மறைக்காமல் பேசுங்கள். தாங்கும் என்றால் தடுக்காதீர்கள்.

கெமிஸ்ட்ரி படித்திருக்கிறேன். சுற்றுச்சூழல் வேலை எனக்கு உண்டா?

உண்டு. யாரும் கண்டுகொள்ளாத பெரிய வாசல் இது. திருப்பூர்க் கதை தெரிந்ததுதானே? சாயக்கழிவு நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த நிலங்கள் உப்பாகின. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர்நீதிமன்றம். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்ற கட்டாயத்தில், சவ்வு வடிகட்டியும் ஆவியாக்கிகளும் வைத்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை இயக்கியாக வேண்டும் என்றானது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் உண்டு. இவை இரவு பகலாக ஓடுகின்றன. ஷிப்டுக்கு ஆள் வேண்டும்.

நண்பன் ஒருவன் இப்படி ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிப்ட் கெமிஸ்ட். ஒருநாள் கூடவே இருந்து பார்த்தேன். காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் கண்ணாடி உருளையில் தண்ணீர் எடுத்து மேசைமேல் வைத்தான். முதலில் எல்லாம் காபி நிறத்தில் ஒன்றாக இருந்தது. மெல்ல மெல்லத் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கீழே இறங்க, மேலே தெளிந்த நீர் நின்றது. முப்பதாவது நிமிடம் சேறு எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதைக் குறித்துக்கொண்டான். அது இறங்காமல் மிதந்தால் தொட்டிக்குள் நுண்ணுயிர்களுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். "மாட்டுக்குச் சாணம் பார்க்கிற மாதிரிதான்டா" என்றான். மழை பெய்த மண் வாசம் வந்தால் தொட்டி நலம், அழுகிய முட்டை வாசம் வந்தால் காற்று போதவில்லை. கருவிகள் சொல்வதற்கு முன் மூக்கு சொல்லிவிடும்.

இது போக, நீர், காற்று மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வகங்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணைக்கு ஆவணம் தயாரிக்கும் ஆலோசனை நிறுவனங்கள், 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் அங்கீகாரம் பெற்ற குழுக்கள் என்று வேலை பரந்து கிடக்கிறது. வாரியத்திலேயே உதவிப் பொறியாளர், சுற்றுச்சூழல் விஞ்ஞானி பதவிகளும் உண்டு. தனியார் ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்தால் ஒன்று நினைவில் வையுங்கள். போகாத இடத்துக்குப் போனதாக மாதிரி எண் எழுதச் சொல்வார்கள் சிலர். கையெழுத்து உங்களுடையது.

பத்தாவதோடு நின்றுவிட்டேன். எனக்கு என்ன இருக்கிறது?

கைத்தொழில் இருக்கிறது. சொல்லப்போனால் பட்டதாரியைவிடக் கை தேர்ந்த ஆளுக்குத்தான் இன்று தட்டுப்பாடு.

மா ஒட்டு கட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர்ப் பக்கம் போனால் ஊரே ஒட்டு கட்டும். தாய்மரக் குச்சியில் ஒரு வாரம் பத்து நாள் முன்பே இலைகளைக் கிள்ளிவிடுவார்கள், காம்பு மட்டும் நிற்கும். நுனிமொட்டு உப்பி வரும்போது குச்சியை வெட்டி, அடியை இரண்டு பக்கமும் சீவி ஆப்பு மாதிரி ஆக்குவார்கள். விதைக்கன்றின் இளந்தண்டை நடுவில் பிளந்து, ஆப்பைச் செருகி, பட்டையோடு பட்டை பொருந்த பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்றி, மேலே ஐஸ் கவரை, அதாவது குச்சி ஐஸ் போடும் நீளமான பிளாஸ்டிக் உறையை, கவிழ்த்துவிட்டால் முடிந்தது. மூன்று வாரத்தில் தளிர் எட்டிப் பார்க்கும். இவ்வளவும் பழகிய கைக்கு ஒன்றிரண்டு நிமிடம். கூலி செடிக் கணக்கு. பிடிக்காத ஒட்டு கழிவு. அதனால் கையில் நிதானமும் வேகமும் சேர்ந்தே இருக்க வேண்டும். எங்கள் பண்ணையில் பட்டம் வாங்கிய என்னைவிட வேகமாகக் கட்டுகிற அக்கா பள்ளிக்கூடம் தாண்டாதவர்.

மருந்து தெளிக்கும் ட்ரோன் ஓட்டப் பத்தாம் வகுப்பும் 18 வயதும் போதும். விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த பயிற்சி மையத்தில் படித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத இடத்தில் பணம் கட்டி ஏமாறாதீர்கள். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் தொடங்கிய "தென்னை மரங்களின் நண்பர்கள்" பயிற்சி ஆறு நாள்தான். மரம் ஏறும் கருவியும் தருகிறார்கள். பொள்ளாச்சியில் மரம் ஏற ஆள் கேட்டு நடையாய் நடக்கும் தோப்புக்காரர்களைப் பார்த்தால் அந்தத் தொழிலின் மதிப்பு புரியும். ஐடிஐயில் டிராக்டர் மெக்கானிக் பிரிவு உண்டு. அறுவடைக் காலத்தில் டெல்டாவில் பெல்ட் வண்டி, அதாவது பெல்ட்டில் ஓடும் அறுவடை இயந்திரம் ஒன்று வயலில் படுத்துவிட்டால், அதை எழுப்பத் தெரிந்த மெக்கானிக்தான் அன்றைக்கு ராஜா. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளுக்கு எலக்ட்ரீசியன் தேவைப்படுவார், உயரம் என்றால் தலைசுற்றாதவராக இருந்தால்.

பெண் பிள்ளைகளுக்கு ஒத்துவருமா?

படிப்பில் கேள்வியே இல்லை, வகுப்புகளில் நிறையப் பெண்கள் இருக்கிறார்கள். திருச்சியில் பெண்களுக்கென்றே தோட்டக்கலைக் கல்லூரி உண்டு. சிக்கல் விற்பனைக் களப்பணியில். கம்பெனிகள் வாய்விட்டுச் சொல்லாமல் ஆண்களையே எடுப்பார்கள். விதைப் பரிசோதனை, வாழைத் திசு வளர்ப்பு ஆய்வகம், உணவுத் தரக் கட்டுப்பாடு, இயற்கை விளைபொருளுக்கான அங்ககச் சான்றளிப்பு, வங்கி, அரசு ஆகியவற்றில் நிலைமை பரவாயில்லை. என்னோடு படித்த ஒருத்தி மூன்று தாலுகாவுக்குக் களப்பணி பார்த்தாள். அவள் போனால் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து, பெண்களும் சேர்ந்து பயிர்க் கணக்கு பேசுவார்கள். எங்களுக்கு அது கிடைத்ததே இல்லை. விற்பனையிலும் எங்களைவிட முன்னால் நின்றாள்.

சொந்த நிலம் இல்லை. தொழில் தொடங்க முடியுமா?

என் பண்ணையே குத்தகை நிலம்தான். நிழல்வலை, 98 குழித் தட்டுகள், தென்னை நார்க்கழிவு, நல்ல தண்ணீர், இவை இருந்தால் ஒரு ஏக்கருக்கும் குறைவான இடத்தில் நாற்று விடலாம். தண்ணீரை மட்டும் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். நான் முதல் வருடம் அதைச் செய்யாமல், உப்புத் தண்ணீரை ஊற்றி ஒரு முழுச் சுற்றுத் தக்காளி நாற்றைக் கருக வைத்தேன்.

வேளாண் பட்டதாரிகள், டிப்ளமோ முடித்தவர்களுக்கு 2002-இலிருந்து மத்திய அரசின் வேளாண் மருந்தகம், வேளாண் வணிக மையத் திட்டம் இருக்கிறது. 45 நாள் இலவசப் பயிற்சி. அதன்பின் தனிநபருக்கு 20 லட்சம் வரையான திட்டத்துக்கு வங்கிக் கடனோடு 36 சதவீத மானியம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 44 சதவீதம். வங்கிக்காரர் "அப்படியா, எங்களுக்கு வரலையே" என்பார். திட்ட அறிக்கையோடு நாலு முறை போக வேண்டியிருக்கும். தமிழக அரசும் 2025-26 வேளாண் பட்ஜெட்டில் உழவர் நல சேவை மையங்கள் தொடங்க 30 சதவீத மானியம் அறிவித்தது.

உரம், மருந்துக் கடை வைக்க உரிமத்துக்கே படிப்புத் தகுதி வேண்டும். ஏற்கெனவே கடை வைத்திருப்பவர்களுக்கு வாரம் ஒரு நாள், 48 வாரம் நடக்கும் டிப்ளமோ இருக்கிறது.

சம்பளம் எவ்வளவு வரும்?

தொடக்கத்தில் குறைவுதான். ஒரு அளவுகோல் வேண்டுமானால், 2020-இல் வந்த மத்திய அரசின் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத் திட்டத்தில், விவசாயிகள் சேர்ந்து நடத்தும் அந்த நிறுவனத்தின் தலைமை நிர்வாகிக்கு மாதம் 25,000 ரூபாய் வரை அரசு உதவி. பெயர் சிஇஓ, ஆனால் வெங்காய மூட்டை எடை போடுவது முதல் கணக்கு எழுதுவது வரை அவர்தான். மூன்று வருடம் அந்த வேலையை ஒழுங்காகப் பார்த்தவருக்கு வியாபாரிகளின் பழக்கம், சந்தை நுணுக்கம் எல்லாம் கைவந்துவிடும். அதற்கப்புறம் சம்பளப் பேச்சே வேறு. களப்பணிகளில் பைக் பெட்ரோல் படி தனியா, சம்பளத்துக்குள்ளா என்று சேரும்போதே கேளுங்கள். வெட்கப்பட்டு விட்டால் மாதம் நாலாயிரம் போகும்.

வெளிநாட்டில் பண்ணை வேலை என்று ஏஜெண்டுகள் சொல்கிறார்களே?

ஜப்பான் 2019-இலிருந்து குறிப்பிட்ட திறன் விசாவில் விவசாயத்துக்கும் மீன்பிடிக்கும் ஆள் எடுக்கிறது. ஜப்பானிய மொழித் தேர்வும் திறன் தேர்வும் தேற வேண்டும். மொழி வேண்டாம், பணம் மட்டும் கட்டுங்கள் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஏஜெண்டு மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவானவரா என்று பார்த்த பிறகுதான் பாஸ்போர்ட்டையே கையில் கொடுக்க வேண்டும்.

இன்னும் முடிவு செய்யவில்லை. இந்த லீவில் என்ன செய்யட்டும்?

பத்து நாள் ஏதாவது ஒரு இடத்தில் வேலை பாருங்கள். நாற்றுப்பண்ணை, பால் பண்ணை, சொட்டுநீர் போடும் ஆள், எதுவானாலும் சரி. உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி நாள்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், காளான், தேனீ, மண்புழு உரம் என்று ஏதாவது நடந்துகொண்டிருக்கும். போன வருடம் இரண்டு பிள்ளைகள் எங்களிடம் வந்தார்கள். ஒருவன் மூன்றாம் நாள் காலை வெயிலில் குழித்தட்டு தூக்க முடியாமல் நின்றுவிட்டு, இப்போது பி.காம். படிக்கிறான், சந்தோஷமாக இருக்கிறான். இன்னொரு பெண் பத்தாம் நாள் கூலி வாங்கும்போது, "அண்ணா, மூணாவது வரிசையில கடைசித் தட்டுல இலை சுருளுது, பார்த்தீங்களா?" என்றாள். நான் பார்க்கவில்லை. இலைப்பேன். அவள் இப்போது பெரியகுளத்தில் இரண்டாம் வருடம்.

வருகிறவர்கள் காலை ஆறரைக்கு வாருங்கள். தொப்பி அவரவர் கொண்டுவர வேண்டும்.